லாக்ஸ்டன்: ஓர் ஆங்கிலச் சிற்றூரை நிலத்திலிருந்து படிக்க முழுமையான வழிகாட்டி

முதல் தடவை லாக்ஸ்டன் போனபோது தேவாலயத்தைப் பார்த்தேன், கோட்டை மேட்டில் ஏறினேன், பப்பில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தேன். மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். படம் நிறைய எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த ஊரின் பழைய வரைபடத்தைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 'ஒன்றுமில்லை, வெறும் வயல்' என்று காரிலேயே கடந்து வந்தேனே, அதுதான் ஊரின் சொத்து. மற்றதெல்லாம் இங்கிலாந்தின் எந்தச் சிற்றூரிலும் ஏதோ ஒரு வடிவில் கிடைக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். முதலில் வரைபடம், அப்புறம் நடை, கடைசியில் ஆவணம். மாற்றிச் செய்தால் என் கதிதான்.

போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது

லாக்ஸ்டன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்காம்ஷயரில் இருக்கிறது. ஷெர்வுட் காட்டுக்கு வருகிறவர்கள் ராபின் ஹூட் பெயரைச் சொல்லி எட்வின்ஸ்டோவிலேயே நின்றுவிடுவார்கள். கிழக்கே இன்னும் சில மைல் தள்ளி இருக்கும் இந்த ஊருக்கு வருபவர்கள் குறைவு. ஒரு தெரு, அதன் இருபுறமும் செங்கல் பண்ணை வீடுகள், ஒரு தேவாலயம், 'டவ்கோட் இன்' என்ற ஒரு பப். இவ்வளவுதான் ஊர்.

ஊருக்கு வெளியேதான் அதிசயம். இங்கிலாந்துக் கிராமப்புறம் என்றால் நம் கண்ணில் நிற்பது பச்சை வேலிகள்: கட்டம் கட்டமாக வயல், ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் புதர்வேலி. ஆதிகாலம் தொட்டு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். நாட்டின் நடுப்பகுதியில் பெரும்பாலான இடங்களில் அது உண்மையல்ல. இடைக்காலத்தில் ஊரைச் சுற்றி இரண்டு மூன்று மாபெரும் வயல்கள் இருந்தன. நடுவில் வேலி கிடையாது. ஒவ்வொரு குடியானவனுக்கும் அந்த வயல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட பட்டைகள் இருந்தன. எதை விதைப்பது, எப்போது மாடு விடுவது என்பதை ஊர் கூடி முடிவு செய்தது.

பிறகு வேலிகள் வந்தன. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பொதுப் பயன்பாட்டிலிருந்து தனித்தனி உடைமையாக மாறியது. லாக்ஸ்டனில் மட்டும் வேலையின் பாதி நடக்காமலே போயிற்று. காரணம் பெருமைப்படும்படியானதல்ல. நிலம் மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்ற இரண்டு பெரிய நிலக்கிழார்களிடம் பிரிந்து கிடந்தது, அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. பங்காளிகளுக்குள் பேச்சு முடியாமல் கிடப்பில் போன காரியம் மாதிரி. அந்தத் தாமதத்தின் பலனாக மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்ற மூன்று வேலியில்லா வயல்களில் இன்றும் பழைய முறைப்படி பயிர் சுழல்கிறது.

டெவனில் உள்ள பிராண்டன், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் போன்ற இடங்களிலும் பட்டை வயல்களின் மிச்சம் உண்டு. ஆனால் வயலோடு அதை நிர்வகிக்கும் ஊர் நீதிமன்றமும் சேர்ந்து உயிரோடு இருப்பதைப் பார்க்க லாக்ஸ்டனுக்குத்தான் வர வேண்டும்.

படி 1: வரைபடத்தை விரித்து வையுங்கள்

ஆர்டனன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு 'எக்ஸ்புளோரர்' வரைபடம் வேண்டும், ஆரஞ்சு அட்டை போட்டது. கைப்பேசி வரைபடம் இதற்கு உதவாது. அதில் சாலை தெரியும், வயல் எல்லை தெரியாது. எக்ஸ்புளோரரில் ஒவ்வொரு வயலின் எல்லையும் மெல்லிய கருங்கோடாக இருக்கும்.

இரண்டு நிமிடம் அந்தக் கோடுகளை மட்டும் பாருங்கள். சுற்றுவட்டார ஊர்களில் கோடுகள் நெருக்கமாக, சல்லடை மாதிரி இருக்கும். லாக்ஸ்டனைச் சுற்றி மட்டும் சில இடங்களில் கோடே இல்லாத பெரிய வெள்ளைப் பரப்புகள் தெரியும். அவைதான் அந்த மூன்று வயல்கள். பென்சிலால் சுற்றி வையுங்கள்.

அடுத்து ஊரின் தெருவைப் பாருங்கள். வீடுகள் தெருவை ஒட்டி நெருங்கி நிற்கின்றன, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமான மனை. வேலியடைப்பு முழுமையாக நடந்த ஊர்களில் விவசாயிகள் புதிய வயல்களுக்கு நடுவே தனித்தனியாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே நிலம் நாலா பக்கமும் சிதறிக் கிடந்ததால் நடுவில், ஊருக்குள் இருப்பதுதான் வசதி. வீடுகளின் இருப்பிடமே ஒரு சான்று.

மூன்றாவதாக எழுத்துருவைக் கவனியுங்கள். ஆர்டனன்ஸ் சர்வே பழங்காலச் சின்னங்களின் பெயரைப் பழைய கோதிக் பாணி எழுத்தில் அச்சிடும். ஊருக்கு வடக்கே அப்படி எழுதியிருக்கும் இடம் கோட்டை.

கையோடு ஊர்ப்பெயர்களையும் பார்த்துவிடுங்கள். 'டன்' என்று முடிவது பழைய ஆங்கிலத்தில் பண்ணை அல்லது குடியிருப்பு. லாக்ஸ்டன் என்றால் லீக்சா என்ற ஒருவனின் ஆட்கள் வாழ்ந்த குடியிருப்பு என்று பொருள் சொல்கிறார்கள். 'தோர்ப்', 'பெக்' என்று முடிவதெல்லாம் 9-ஆம் நூற்றாண்டில் வந்த டேனியர் விட்டுப்போன சொற்கள். பக்கத்தில் இருக்கும் பில்ஸ்தோர்ப், மேப்பிள்பெக் இரண்டும் அந்த ரகம். ஒரே வட்டாரத்தில் இரண்டு மொழிக்காரர்கள் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். லாக்ஸ்டனின் பழைய எழுத்து வடிவங்களில் லெக்சிங்டன் என்பதும் ஒன்று. பழைய ஆவணங்களைத் தேடும்போது இந்த வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டும்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19-ஆம் நூற்றாண்டு ஆர்டனன்ஸ் சர்வே வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இங்கிலாந்துக்கும் சேர்த்து. பழைய தாளை இன்றைய வான்படத்தின் மேல் வைத்து, பட்டனைத் தள்ளித் தள்ளி ஒப்பிடலாம். ஒரு மாலைப்பொழுது அதிலேயே போய்விடும், எச்சரிக்கிறேன்.

படி 2: டூம்ஸ்டே, பத்து நிமிடம் போதும்

1066-இல் வடபிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 1086-இல், வில்லியம் மன்னன் ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுதிய ஏடுதான் டூம்ஸ்டே. 'ஓபன் டூம்ஸ்டே' தளத்தில் ஊர்ப்பெயரைப் போட்டால் பதிவு வந்துவிடும்.

லாக்ஸ்டன் பதிவில் பார்க்க வேண்டியது இரண்டு பெயர்கள். படையெடுப்புக்கு முன் உடைமையாளர் டோக்கி. பெயரே டேனிய வம்சம் என்று சொல்லிவிடும். பின் உடைமையாளர் ஜெஃப்ரி அல்சலின், நார்மன். இந்த ஒரு மாற்றத்தில் ஒரு நாட்டின் கதை இருக்கிறது. மற்றபடி இந்த ஏட்டில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இது வரிக்கான கணக்கு, ஊரின் வர்ணனை அல்ல. அதில் வரும் ஆட்களின் எண்ணிக்கை குடும்பத் தலைவர்களை மட்டும் குறிப்பதாகவே பொதுவாகக் கொள்கிறார்கள். அதை மொத்த மக்கள்தொகை என்று எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

படி 3: 1635-இன் வரைபடம்

நேரம் முழுவதையும் இங்கே போடுங்கள். 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் லாக்ஸ்டனை அளந்து, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக வரைந்தார். கூடவே யார் எந்தப் பட்டையை வைத்திருந்தார், அதன் அளவு என்ன என்று சொல்லும் பதிவேடும் தயாரானது. வரைபடம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வெறும் கோடு போட்டு விட்டுவிடவில்லை மனிதர். உழுகிறவர்கள், அறுவடை செய்கிறவர்கள், வேட்டைக்காரர்கள் என்று குட்டிக் குட்டி உருவங்களும் அதில் உண்டு.

இவ்வளவு பணம் செலவழித்து யார் அளக்கச் சொன்னது? சர் வில்லியம் கோர்ட்டன். லண்டன் வணிகர், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃப்ளாண்டர்ஸிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் பிள்ளை. 1627-இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேறியது இவருடைய பணத்தில்தான். லாக்ஸ்டனை அளந்த அதே 1635-இன் டிசம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கீழைநாடுகளில் வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரின் அனுமதி இவருடைய கூட்டுக்குழுவுக்குக் கிடைத்தது. 1636-இல் அவர் இறந்துபோனாலும் கப்பல்கள் கிளம்பின. கோவாவுக்கும் மலபார் கரைக்கும் வந்தன, கார்வாரில் பண்டகசாலை போட்டன. நாட்டிங்காம்ஷயர் களிமண்ணில் பட்டை பட்டையாக அளக்கச் சொன்ன அதே கைதான் அரபிக்கடலிலும் கணக்குப் போட்டது. சிற்றூர் வரலாறு என்றால் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சாட்சி இந்த மனிதர். 1640-இல் ஊர் பியர்பாண்ட் குடும்பத்தின் கைக்குப் போனது. பிற்காலத்தில் மேன்வர்ஸ் பிரபுக்கள் ஆனவர்கள் இவர்கள்தான்.

வரைபடத்தைப் படிக்க மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். மூன்றும் நமக்கு ஏற்கெனவே பழக்கம்.

ஏக்கர். இது ஆதியில் ஒரு நாள் உழவு. காளைகளைப் பூட்டி ஒரு நாளில் உழுது முடிக்கக்கூடிய நிலம். 220 கெஜம் நீளம், 22 கெஜம் அகலம், பெருக்கினால் 4,840 சதுர கெஜம். ஏன் இப்படி ஒல்லியாக நீண்டிருக்கிறது? கனமான ஏரை இழுக்க இங்கே எட்டு மாடுகள் வரை பூட்டுவார்கள். அந்த நீள வரிசையைத் திருப்புவது பெரும்பாடு. அதனால் முடிந்தவரை நேராகப் போய்விட்டுத்தான் திரும்புவார்கள்.

பர்லாங். அந்த 220 கெஜம்தான் இது. 'உழவுச்சாலின் நீளம்' என்பதே சொல்லின் பொருள். நம் பாட்டன் காலத்து மைல்கல்லில் நின்ற பர்லாங் இப்படி ஓர் ஆங்கில வயலில் பிறந்தது. லாக்ஸ்டனில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒரே திசையில் கிடக்கும் பட்டைகளின் தொகுதி. வரைபடத்தில் பட்டைகள் சட்டென்று திசை மாறும் இடத்தில் ஒரு பர்லாங் முடிந்து அடுத்தது தொடங்குகிறது.

சங்கிலி. 22 கெஜம், நூறு கண்ணிகள். எட்மண்ட் குண்டர் 1620-இல் வடிவமைத்தது. நம் ஊர் சர்வேயர்கள் 'லிங்க்ஸ்' என்று சொல்வது இந்தக் கண்ணிகளைத்தான்.

இப்போது ஒரு பயிற்சி. பதிவேட்டிலிருந்து ஏதாவது ஒரு குடியானவரின் பெயரை எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டைகளுக்கெல்லாம் ஒரே நிறம் தீட்டுங்கள். மூன்று வயல்களிலும், மேட்டிலும் பள்ளத்திலும், ஊருக்கு அருகிலும் தொலைவிலும் புள்ளி புள்ளியாகச் சிதறும். பல பட்டைகள் ஒரு ஏக்கருக்கும் குறைவு. ஏன் இப்படிச் சிதறடித்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை. ஏரையும் மாட்டையும் பகிர்ந்துகொண்டதால் என்பார் ஒருவர், வாரிசுப் பங்கீடு என்பார் இன்னொருவர், ஒரு மூலையில் விளையாவிட்டால் இன்னொரு மூலை கைகொடுக்கும் என்ற முன்யோசனை என்பார் மூன்றாமவர். என் எண்ணத்தில் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லார் பங்கிலும் விழ வேண்டும் என்ற கணக்குதான் அடிப்படை. களிமண் வயலில் மழைக்குப் பின் ஒருமுறை நடந்து பாருங்கள், யாரும் பள்ளத்தில் மட்டும் பங்கு வாங்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்று நீங்கள் பார்க்கப்போகும் பட்டைகள் 1635-இன் பட்டைகள் அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் எஸ்டேட் சிறு பட்டைகளைச் சேர்த்துப் பெரியவையாக்கியது. முறை பழையது, அளவு புதியது.

படி 4: நடை

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வந்தால் நியூவார்க் நார்த்கேட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள், கார் அல்லது டாக்சிதான். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். இங்கே மண் சிவந்த கனக் களிமண். ஈரமாக இருந்தால் பத்தடிக்குள் ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கூடிவிடும்.

டவ்கோட் இன் பக்கத்தில் தொடங்குங்கள். வயல்முறையை விளக்கும் சிறிய காட்சிக்கூடம் அங்கே இருக்கிறது. படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் வயல் கண்ணுக்குப் பிடிபடும்.

பிறகு தெருவோடு நடங்கள். பல பண்ணை வீடுகள் தெருவுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டாக நிற்கும். முற்றமும் களஞ்சியமும் உள்ளே. தெருவை ஒட்டிய முகப்பு மதிப்பு வாய்ந்தது, அதை அகலமாக எடுத்துக்கொள்ள இடமில்லை. முன்சொன்ன நீண்ட மனைகளின் ஒடுங்கிய முனையில் வீட்டைச் செருகியிருக்கிறார்கள்.

வழியில் 'பின்ஃபோல்டு' என்ற சிறிய அடைப்பு ஒன்று உண்டு. அடுத்தவர் பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து வந்து அடைக்கும் இடம். அதற்குப் பொறுப்பாளர் 'பிண்டர்'. தண்டம் கட்டித்தான் மாட்டை மீட்க முடியும். நம் ஊர்களில் 'மாட்டைப் பவுண்டில் அடைச்சிட்டாங்க' என்பார்களே, அந்தப் பவுண்டுதான் இது. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்தியா முழுக்கப் பரவிய ஏற்பாடு. வேலியில்லாத ஊரில் இது எவ்வளவு முக்கியமான பதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேவாலயம் தூய மைக்கேலுக்கு உரியது. 1860 வாக்கில் மேன்வர்ஸ் பிரபு பழுதுபார்க்கிறேன் என்று ஆரம்பித்துக் கட்டடத்தைக் குறுக்கிவிட்டார். உள்ளே எவரிங்காம் குடும்பத்தாரின் படுத்த நிலைச் சிலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பெண்ணின் உருவம் மட்டும் மரத்தால் ஆனது. மற்றவை கல். மரச்சிலை அறுநூறு எழுநூறு ஆண்டு தப்பிப் பிழைப்பது அபூர்வம், நாட்டிங்காம்ஷயரில் இப்படி இது ஒன்றுதான். ஐந்து நிமிடமாவது அருகில் நின்று பாருங்கள்.

எவரிங்காம்கள் யார்? ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவல் உரிமை இந்தக் குடும்பத்திடம் இருந்தது. மன்னனின் மானைக் காப்பது வேலை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், வனக் குற்றங்களில் அவர்களே மாட்டிக்கொண்டு அந்த உரிமையை இழந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

அவர்களுடைய கோட்டைதான் தேவாலயத்துக்கு வடக்கே இருக்கும் மேடு. கல் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். நார்மன் பாணியில் மண்ணைக் குவித்து எழுப்பிய குன்றும், அதைச் சுற்றிய அகழியும் அடைப்புகளும் மட்டுமே மிச்சம். நாட்டிங்காம்ஷயரில் இந்த வகைக் கோட்டைகளில் நன்றாக நிலைத்திருப்பது இதுதான். ஊர் ஒரு மேட்டு விளிம்பில் உட்கார்ந்திருப்பதால் குன்றின் மேலிருந்து வடக்கே தொலைதூரம் தெரியும். இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு விளக்கப் பலகை தேவைப்படாது.

கடைசியில் வயல். பொதுப்பாதைகளில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு, நீலம் இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பாதையை விட்டுப் பயிருக்குள் இறங்க வேண்டாம். நின்று, தொடுவானம் வரை ஒரு வேலிகூட இல்லாததைக் கவனியுங்கள். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே வரப்புகூட இல்லை. ஒரு உழவுச்சால் பள்ளம்தான் எல்லை. பயிரின் உயரமோ நிறமோ வரிசையின் திசையோ மாறினால் ஆள் மாறிவிட்டார் என்று பொருள்.

வயல்களுக்கு நடுவே, உழ முடியாத ஈரப் பள்ளங்களில் புல் வளர்ந்த நீண்ட பரப்புகள் தெரியும். இவற்றுக்குப் பெயர் 'சைக்'. நூற்றாண்டுகளாக ஏர் படாததால் காட்டுப்பூக்கள் செழித்திருக்கின்றன. சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஜூன், ஜூலையில் போனால் இவற்றைத் தவறவிடக் கூடாது. அந்தப் புல்லை ஆண்டுதோறும் கோடையில் ஏலம் விடுவதும் இன்னும் நடக்கிறது.

படி 5: எந்த மாதம் போவது

மூன்று வயல்களில் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, பீன்ஸ் போன்றவை, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு படி நகரும். இப்போது தரிசிலும் பெரும்பாலும் தீவனப்பயிர் போடுகிறார்கள். போன அன்றைக்கு எந்த வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துவைத்தால், பின்னோக்கி எண்ணி எந்த ஆண்டுக்கும் கணக்குப் போடலாம்.

பூ வேண்டுமென்றால் ஜூன், நிறம் மாறும் பட்டைகள் வேண்டுமென்றால் ஜூலை. எனக்குப் பிடித்தது நவம்பர் கடைசி. குளிரும் சேறும் சகிக்காது, ஆனால் அப்போதுதான் ஜூரி நாள்.

ஊரின் விவசாயிகளில் பன்னிரண்டு பேர், தலைவர் ஒருவர், புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்கு டிராக்டர் வண்டியில் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு பட்டையின் எல்லையையும் நடந்து சரிபார்க்கிறார்கள். எல்லை மங்கியிருந்தால் முளை அடித்துக் குறிக்கிறார்கள். யாராவது ஆசையில் ஓர் உழவுச்சால் கூடுதலாகப் போயிருந்தாலும், சைக் புல்லையோ வண்டிப்பாதையையோ உழுது கரைத்திருந்தாலும் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துப் பட்டைக்காரர், மாமன், மச்சான் என்று பார்ப்பதில்லை. அல்லது பார்த்தாலும் மற்றவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்து நீதிமன்றம். பெயர் 'கோர்ட் லீட்'. எஸ்டேட்டின் சார்பில் 'ஸ்டூவர்ட்' என்ற நிர்வாக அதிகாரி தலைமை தாங்குவார். ஊராரின் பெயர்ப்பட்டியலை வாசிப்பார்கள், வராதவர்களுக்குச் சில பென்ஸ் தண்டம். ஜூரியின் முறையீடுகள் வாசிக்கப்படும், எல்லை மீறியவருக்கு அபராதம் விதிக்கப்படும், அடுத்த ஆண்டின் ஜூரி பதவியேற்கும். இங்கிலாந்து முழுக்க இப்படிப்பட்ட ஊர் நீதிமன்றங்கள் இருந்தன. 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் அதிகாரத்தை எடுத்துவிட்டு, சடங்காக வேண்டுமானால் கூடிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. அதில் விலக்குப் பெற்றது லாக்ஸ்டன். அபராதத் தொகை சிரிப்பு வருமளவுக்குச் சின்னதுதான். ஊர் முன்னால் பெயர் வாசிக்கப்படுவதுதான் உண்மையான தண்டனை என்று நினைக்கிறேன்.

இந்த வயல்கள் பிழைத்ததற்கு அருங்காட்சியக மனப்பான்மை காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. 1952-இல் மேன்வர்ஸ் எஸ்டேட்டிடமிருந்து அரசின் வேளாண் அமைச்சகம் வாங்கியது, 1981-இல் முடியாட்சியின் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020-இல் மேன்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கொண்டது. உடைமையாளர் இத்தனை பேர் மாறினார்கள். மாறாமல் நடந்தது ஆண்டுக்கொரு முறை எல்லைக்காகக் கூடி முறைத்துக்கொள்வது ஒன்றுதான்.

படி 6: ஆவணங்கள்

நிலத்தைப் பார்த்த பிறகு காகிதம் பேச ஆரம்பிக்கும். மேன்வர்ஸ் குடும்பத்தின் ஆவணத்தொகுப்பு நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் சுவடிப் பிரிவில் இருக்கிறது. திருச்சபைப் பதிவேடுகளுக்கு நாட்டிங்காம்ஷயர் ஆவணக் காப்பகம். இரண்டு இடத்துக்கும் முன்பதிவு செய்து, வேண்டிய கட்டின் எண்ணை முதலிலேயே அட்டவணையில் தேடி எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே பென்சில் மட்டும்தான்.

இங்கிலாந்தின் எந்தச் சிற்றூருக்கும் பொருந்தும் சில விஷயங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும்படி எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538-இல். ஆனால் அந்த ஆண்டிலிருந்தே ஏடு தப்பியிருக்கும் ஊர்கள் குறைவு. மக்கள்தொகைக் கணக்கு 1801-இல் தொடங்கியது, ஆட்களின் பெயரோடு பயன்படுவது 1841 முதல். நூறாண்டு கழித்தே திறப்பார்கள் என்பதால் 1921-இன் கணக்கு 2022-இல் வெளிவந்தது. அடுத்ததற்குக் காத்திருக்காதீர்கள்: 1931-இன் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துவிட்டன, 1941-இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை.

இரண்டு கண்ணிகளில் எல்லாரும் விழுவார்கள். நானும் விழுந்தேன். முதலாவது தேதி. 1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஏட்டில் '1634 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்கில் அது 1635. இதைக் கவனிக்காமல், பிறப்பதற்கு முன்பே ஒருவரை அடக்கம் செய்து குறிப்பெழுதி வைத்திருந்தேன். இரண்டாவது மொழி. ஊர் நீதிமன்றப் பதிவுகள் 1733 வரை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஐம்பதைத் தாண்டாது. கையெழுத்துதான் கஷ்டம். இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் பழங்கையெழுத்து வாசிக்க இலவசப் பாடம் உண்டு, அதை முடித்துவிட்டுப் போங்கள். நில அளவு ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று பத்தியில் இருக்கும்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். பணம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

போர் நினைவுத்தூண்களையும் ஆவணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்களை 1911 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால், எந்தப் பண்ணையில் எந்தப் பையன் திரும்பவில்லை என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன மேப்பிள்பெக்கில் அப்படி எழுதப் பெயரே இல்லை. போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிய அபூர்வமான சிற்றூர்களில் அது ஒன்று.

படி 7: திரும்பும் வழியில்

லாக்ஸ்டனில் கண் பழகிய பிறகு மற்ற ஊர்கள் வேறு மாதிரி தெரியும். சாயங்கால வெயில் தாழ விழும்போது, மாடு மேயும் புல்வெளிகளை ஓரமாக நின்று பாருங்கள். சில இடங்களில் தரை அலை அலையாக மேடும் பள்ளமுமாக ஓடும். அவை இடைக்காலப் பட்டைகளின் எலும்புகள். வேலியடைப்புக்குப் பின் புல்லாக விட்டதால் அழியாமல் நின்றவை. சில அலைகள் நேர்கோடாக ஓடாமல், திருப்பிப் போட்ட 'எஸ்' எழுத்து மாதிரி லேசாக வளைந்திருக்கும். நீள மாட்டு வரிசையைத் திருப்பத் தயாராவதற்காக உழவன் முனைக்கு முன்பே வளைத்துக் கொடுத்த வளைவு அது. மாடும் போயிற்று, உழவனும் போனான், வளைவு மட்டும் புல்லுக்கடியில் இருக்கிறது. நேரில் போக வழியில்லாத ஊர்களுக்கு, லேசர் கொண்டு எடுத்த லைடார் தரைப்படங்களை அரசே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மரத்தையும் புதரையும் நீக்கிவிட்டுத் தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும்.

ஜூரி நாளில் போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அது அவர்களுக்கு வேலைநாள், வேடிக்கைக் காட்சி அல்ல. அப்புறம், பப்புக்குள் நுழையும் முன் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.